நின்றபடி சாப்பிடுகிறவள்

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

கிறுக்கி எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். இருமல் குறைந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்கிறேன், ஆகவே அடுத்த கடிதத்தில் டர்பன்டைன் வாடையைப் பற்றி நீ பிரசங்கம் செய்ய வேண்டாம். உன் முழங்கால் எப்படி? அத்தானும் விடுதியில் இருக்கும் மகளும் சுகம்தானே?

சேதி இதுதான். இங்கே நகரத்துக் கலைக்கூடத்தில் என் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி. ஏப்ரலிலிருந்து மூன்று மாதம். பெரிய கூடம் முழுக்க எனக்கே.

கலைக்கூடத்தின் தலைவர் தானே என் அறைக்கு வந்திருந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவரின் கண்ணில் முதலில் பட்டது, போட்டோ ஸ்டுடியோவுக்காக நான் வரைந்துகொண்டிருந்த திரை. பளிங்கு அரண்மனை, பின்னால் நீர்வீழ்ச்சி, மேலே ஒரு நிலா. கல்யாண ஜோடிகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "இது சோத்துக்கு சார். மத்தது அந்தப் பக்கம்" என்றேன்.

அந்தப் பக்கம் போனவர் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. மழைக்கோட்டோடு உறங்கும் காவலாளி, பல்லால் நூலைக் கடிக்கும் தையற்காரி, பேருந்தில் வாய் திறந்து தூங்கும் குமாஸ்தா, எல்லாவற்றையும் பார்த்தார். உன் படத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"இங்கதான் சார். மூணாவது மாடி."

உன் படத்தைத்தான் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். போன வருஷம் உன் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ தொட்டியோரம் நின்று, கையில் தட்டை ஏந்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "உட்காரேன்க்கா" என்றதற்கு, "உட்கார்ந்தா எழுந்திரிக்கணும், அதுக்கு நின்னுடலாம்" என்று சிரித்தாய். "இதை வரையட்டுமா?" என்று கேட்டபோது, "உனக்கு வேற வேலையில்ல, வரைஞ்சுக்கோ" என்றாய். அந்தப் படம்தான்.

சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உன் தங்கை,
கிறுக்கி


பிப்ரவரி 2

அன்புள்ள கிறுக்கிக்கு,

உன் கடிதத்தைப் பால்காரர் போன பிறகு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை படித்தேன். அழுகை வந்தது, ஆனால் அடுப்பில் வேலை இருந்ததால் அதிகம் அழவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் அதன் போக்கில் இருக்கிறது.

நீ சுவரெல்லாம் கரியால் கிறுக்கியபோது அப்பா வைத்த பெயர்தான் கிறுக்கி. பாதி கிறுக்கியதற்காக, பாதி உன் குணத்துக்காக. இன்றைக்கு அந்தக் கிறுக்கலுக்கு ஒரு கூடம் முழுக்க இடம் தருகிறார்கள். அப்பா இருந்திருந்தால் வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் பிடித்து இழுத்து வந்து காட்டியிருப்பார்.

போயும் போயும் என்னையா பெரிய சுவரில் மாட்டுகிறாய்? ஊரில் அழகிகளே இல்லையா? போகட்டும், முதுகுதானே தெரிகிறது. அந்தப் படத்தை முடித்த பிறகு நான் பார்க்கவே இல்லை. பின்னல் அவிழ்ந்து கிடந்ததே, அதையாவது சரியாக வரைந்தாயா?

அத்தானுக்கு இது நல்ல காலம். வயிற்று டாக்டர் என்றால் இந்த ஊரில் இப்போது அவர்தான். மாதம் ஒரு தடவை வானொலியில் பேசுகிறார். "சாப்பாட்டை உட்கார்ந்து, நிதானமாக, மென்று சாப்பிடுங்கள். பாதி நோய் ஓடிவிடும்" என்று அவர் சொல்வதைக் கடைக்காரர்கூட எனக்குச் சொல்லிக் காட்டுகிறார். கண்காட்சி விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

ஃபோன் செய்யாதே, கடிதமே எழுது. ஃபோன் கூடத்தின் நடுவில் இருக்கிறது. நம் பேச்சை நாற்காலிகளெல்லாம் கேட்கும்.

சளிக்குக் கவனமாக இரு.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

எப்படி இருக்கிறாய்? நான் தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு நீ வருவாய் என்று கடைசி நிமிஷம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. கூட்டம் வந்தது. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் முதல் தடவையாகக் கலைக்கூடத்துக்குள் நுழைகிறவர்கள் என்று காவலாளி சொன்னார். உன் படத்துக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே அறியாமல் ஒரு பாதத்தை எடுத்து மற்றப் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டாள், படத்தில் நீ நிற்கிற மாதிரியே.

நாளிதழிலிருந்து ஒருவர் வந்து பேட்டி எடுத்தார். "உங்க படத்துல ஒருத்தர்கூட நம்மளைத் திரும்பிப் பார்க்கலையே, ஏன்?" என்றார். "அவங்களுக்கு வேலை இருக்கு" என்றேன். அதைத் தலைப்பாகவே போட்டுவிட்டார்.

ஏன் இதையெல்லாம் வரைகிறேன் என்றும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். பல வருஷம் ராணிகளையும் குதிரைகளையும் வரைந்தேன், ஒன்றுகூட உயிரோடு வரவில்லை. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். யாரும் பார்க்காதபோது ஒருத்தி எப்படி நிற்கிறாளோ, அந்த நிற்பில்தான் அவளுடைய மொத்தக் கதையும் இருக்கிறது. உன் கையிலிருக்கும் தட்டின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் விழுமே, அந்த ஒரு கோட்டுக்கு வெறும் வெள்ளை போதவில்லை அக்கா. நீலம் கலந்தேன், மஞ்சள் கலந்தேன், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். எந்த ராணியின் கிரீடத்துக்கும் நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"யார் இந்தப் பெண்?" என்று கேட்டார். "என் அக்கா" என்றேன். உன் பின்னல் பேட்டியோடு பத்திரிகையில் வந்திருக்கிறது. வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

கிறுக்கி


ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

இவ்விடம் யாவரும் நலம். தாங்களும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் கண்காட்சியில் வைக்கப்பட்டுள்ள, என்னைச் சித்திரிக்கும் படம் குறித்து இதனை எழுதுகிறேன். மேற்படி படமும் அது தொடர்பான பத்திரிகைச் செய்தியும் என் கணவரின் தொழில்முறை மதிப்பிற்குப் பெரும் களங்கம் விளைவித்துள்ளன. தாங்கள் அவருடைய மைத்துனி என்பதை அறிந்த நோயாளிகள் நேரிலும், நண்பர்கள் தொலைபேசியிலும் அவரைக் கேலியாக விசாரிக்கின்றனர். எங்கள் இல்லத்தில் உணவு மேசையும் ஆறு நாற்காலிகளும் உள்ளன என்பது தாங்கள் அறிந்ததே.

எனவே மேற்படி படத்தை உடனடியாக அகற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சகோதரி


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் "மேற்படி" என்று நீ இந்த ஜென்மத்தில் எழுதியதில்லை. ஆகவே அத்தானும் நலமாக, உனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். அத்தான், வணக்கம்.

அந்த ஆறு நாற்காலிகளையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றில் அத்தான் உட்காருவார். ஒன்றில் அவர் பை, ஒன்றில் அவர் கோட்டு. மீதி மூன்றும் வருகிறவர்களுக்கு. நான் அங்கே தங்கியிருந்த நாட்களில் உன்னை அவற்றில் ஒன்றிலும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதைத்தான் வரைந்திருப்பேன். நான் இல்லாததை வரையவில்லை. இல்லாததை வரைய எனக்கு ஸ்டுடியோவில் சம்பளம் தருகிறார்கள், அங்கே வரைந்துகொள்கிறேன்.

அந்தச் சுவரை எட்ட எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று. யாரோ நாலு பேர் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்காக அதை வெறுஞ்சுவராக்க மாட்டேன்.

ஆனால் அக்கா, இது உன் முதுகு. உனக்கு வலிக்கிறது என்றால் அது வேறு. "இறக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை, உன் பேச்சில், நீயாக எழுது. அன்றைக்கே இறக்கிச் சுருட்டி வைத்துவிடுகிறேன், ஏன் என்றுகூடக் கேட்க மாட்டேன். அத்தான் சொல்லி நீ எழுதினால் இறக்க மாட்டேன்.

உன் முழங்காலைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எப்படி இருக்கிறது?

கிறுக்கி


மே 20

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. "இறக்கு" என்றும் இல்லை, "இருக்கட்டும்" என்றும் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

எது எப்படியோ, உனக்கு நிம்மதி தரும் சேதி ஒன்று வந்திருக்கிறது. உன் படத்தை வாங்க ஆள் வந்திருக்கிறார். பெரிய மில் முதலாளியாம். தன் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காகக் கேட்டிருக்கிறார். தலைவர் எனக்கு ஃபோன் செய்து சொன்னபோது நான் பிரஷ்ஷைக் காப்பிக்குள் வைத்துவிட்டேன். நான் கேட்காத தொகை, கேட்கத் துணியாத தொகை. இனி நீர்வீழ்ச்சியும் நிலாவும் வரைய வேண்டாம். வெளிச்சம் வருகிற ஓர் அறை பார்த்துக்கொண்டு நாள் முழுக்க என் வேலையைச் செய்யலாம்.

மாதக் கடைசியில் கையெழுத்து. அதற்குப் பிறகு படம் யாருடைய கண்ணிலும் படாமல் ஒரு வீட்டுக்குள் இருக்கும். அத்தானிடமும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது என்று நினைக்கிறேன். நீயும் அப்படி நினைக்கிறாய் என்று இரண்டு வரி எழுதேன்.

கிறுக்கி


மே 25

கிறுக்கி,

தபால் நிலையத்தில் நின்றபடி எழுதுகிறேன். பேனா நூலில் கட்டியிருக்கிறது, அதனால் கோணல். பக்கத்தில் யாரும் இல்லை.

விற்காதே.

அந்த மில் முதலாளி அத்தானின் பள்ளிக்கூடத்து நண்பர். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பி கொண்டுபோனபோது காதில் விழுந்தது. "வாங்கி மாடியறையில போட்டுடு. மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கும்" என்று அத்தான் சொன்னார். நண்பர் சிரித்தார். நான் தம்ளர்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்னை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள், ஆனால் நான் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். உனக்குப் பணம், அறை, பெயர். எனக்கு வீட்டில் சண்டை இல்லை. உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அந்த மாடியறை நினைவுக்கு வந்தது. இருட்டில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த படம். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பத்திரிகையில் வந்ததைப் பார்த்துவிட்டு மகள் ஃபோன் செய்தாள். "அம்மா, இது நீதானே? எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. ஆனா இத்தனை வருஷம் எனக்கு ஏம்மா தெரியல?" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? கூடத்தில் நின்றுகொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

இன்னொரு வேடிக்கை. அத்தான் சமையலறைக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். குஷன் வைத்தது. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார். அதில் இப்போது பழைய செய்தித்தாள் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

இறக்காதே, விற்காதே. இதை நானாக எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 6

என் அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருந்தாலும் முதுகெலும்பு நன்றாக இருக்கிறது. அது போதும்.

விற்கவில்லை. பத்திரத்தை மேஜைமேல் விரித்து, பேனாவையும் திறந்து வைத்திருந்தார் தலைவர். "வாங்குறவர் இதை எங்க மாட்டுவார்?" என்று கேட்டேன்.

"அது அவர் இஷ்டம்மா. வாங்கிட்டா அவரோடது."

"அப்ப நான் விற்கல."

அவர் முதலில் விலையை ஏற்றக் கேட்கிறேன் என்று நினைத்தார். பிறகு கோபப்பட்டார். "நீங்க யாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? ஸ்டுடியோவுக்குத் திரை வரைஞ்சுட்டிருந்தவங்க. நான் கூட்டிட்டு வரலைன்னா இந்த வாசப்படி ஏறியிருப்பீங்களா?"

"ஏறியிருக்க மாட்டேன் சார். நீங்க மூணு மாடி ஏறி வந்தீங்க, அதை மறக்க மாட்டேன். ஆனா எங்கக்காவை நான் பரண்ல போடுறதுக்கு வரையல."

மில் முதலாளி கலைக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஜூன் கடைசிவரை நடக்க வேண்டிய கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. கூடத்தில் பழுது பார்க்கிறார்களாம். இனி இந்த நகரத்தில் எந்தக் கலைக்கூடமும் என்னைத் தொடாது என்று தலைவர் சொன்னார். நல்ல மனுஷர்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கட்டிலை நிமிர்த்தி வைத்து அவற்றுக்கு இடம் செய்தேன். நான் தரையில் படுக்கிறேன். திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனேன். முதலாளி எதுவும் கேட்காமல் பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "மயில் ஒண்ணு வேணும்" என்றார். வரைந்துகொண்டிருக்கிறேன். தோற்ற மாதிரியே இல்லை அக்கா. பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன்.

உன் வீட்டில் என்ன நடக்கிறது?

கிறுக்கி


ஜூன் 14

ஓவியர் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள். உங்கள் ஜூன் 6 கடிதத்தைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கடிதம் அரிசி டப்பாவில் இருந்தது.

குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காட்சிப்பொருள் ஆக்குவதைக் கலை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. என் வீட்டில் நுழையும் உரிமை இனி இல்லை. என் மனைவி உங்களுக்கு எழுத மாட்டாள். நீங்கள் எழுதினாலும் அவள் கைக்குப் போகாது.

டாக்டர்


ஜூலை 22

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம்.

இது தபால் அட்டை. உறை போட்டால்தானே பிரிக்க வேண்டும்? தபால்காரர் படிக்கட்டும், பக்கத்து வீட்டார் படிக்கட்டும், அத்தான் முதலில் படிக்கட்டும்.

கண்காட்சியின் கடைசி நாளன்று சட்டை தைக்கும் தொழிற்சாலையிலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் வந்திருந்தார்கள். போன வாரம் அவர்களில் இருவர் விலாசம் விசாரித்து என் அறைக்கே வந்துவிட்டார்கள். "எங்க சாப்பாட்டுக் கூடத்துல நாலு பக்கமும் சுவர் சும்மா கிடக்குது. உங்க படத்தையெல்லாம் கொண்டாந்து மாட்டுங்க. எங்க சங்கம் செலவு பாத்துக்கும்" என்றார்கள். அங்கேயும் பெஞ்சு போதாதாம், பாதிப்பேர் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்களாம். படத்தை மாட்டி, அதன் கீழேயே நிர்வாகத்திடம் பெஞ்சு கேட்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை திறக்கிறோம். ரிப்பன் வெட்ட பெரிய மனிதர் யாரும் இல்லை.

அக்கா, உன் உடம்பு எப்படி? நீ எழுத முடியாது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

கிறுக்கி


ஆகஸ்ட் 11

அன்புள்ள கிறுக்கிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் பழகிய கை, முதல் வரியில் அதையே எழுதப் போனது. நிறுத்திவிட்டேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. இரண்டு வருஷமாகவே அப்படித்தான். வயிற்றிலும் எரிச்சல் உண்டு. டாக்டர் வீட்டில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

உன் அட்டையைத் தபால்காரர் வாசலிலேயே என்னிடம் கொடுத்து, "அப்ப அந்தப் படத்துல இருக்கிறது நீங்கதானாம்மா?" என்றார். "ஆமா" என்றேன். இத்தனை நாளில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அட்டையை ஒளித்து வைக்கவில்லை. அத்தான் சாப்பிட உட்கார்ந்தபோது மேசைமேல் வைத்தேன். படித்துவிட்டு நகர்த்தி வைத்தார். எனக்கும் தட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் கோட்டை எடுத்து மாட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உன்னை எப்பவாவது உட்காராதேன்னு சொல்லியிருக்கேனா?" என்று கேட்டார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"சொன்னதில்ல. உட்காருன்னும் சொன்னதில்ல."

"இதுக்கு நான் போறேன்" என்று அட்டையைக் காட்டினேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். நடுவில் ஃபோன் அடித்தது. பழக்கதோஷத்தில் என் கால் எழுந்திருக்கப் பார்த்தது. பிடித்து வைத்துக்கொண்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தபோது அவரே எழுந்து போனார்.

திரும்பி வந்து, "அங்க போனா எல்லாரும் உன்னை அடையாளம் கண்டுபிடிச்சுடுவாங்க" என்றார்.

"இதுவரைக்கும் முதுகைத்தான் பார்த்திருக்காங்க. முகத்தையும் பார்க்கட்டும்."

"நாளைக்கு என் முகத்தை நான் எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"என்கூட வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போய் நிக்கலாம்."

அவர் வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. திரும்பி வரும்போது கதவு எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. மகள் இருக்கிற ஊர் வழியில்தான், அவளும் ஏறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை அவளோடு கூடத்திலேயே நின்று உரக்கப் பேசினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறேன். உன் கட்டிலைத்தான் நிமிர்த்தி வைத்திருக்கிறாயே, நானும் தரையில் படுத்துக்கொள்கிறேன். எந்த நடைமேடை என்று விசாரித்து வை. கையில் இரண்டு பை இருக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டிய துணியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்து வருகிறேன்.

அத்தான் சம்மதித்தாரா என்று கேட்பாய். நான் கேட்கவில்லை. சொன்னேன்.

அக்கா